மணலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர்

அவளுக்கு யார் எடுத்துச் சொல்வது, கண்ணு? மூலை வீட்டுக்காரியைத்தான் சொல்கிறேன். போன வாரம் ஆள் வைத்து வாசல் சுவருக்கு வெள்ளை அடித்தாள். வெயிலில் பார்த்தால் கண் கூசுகிற வெள்ளை. எண்ணூருக்குக் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, சாம்பலைச் சுமந்து வருகிற இந்த ஊர்க் காற்றைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும். அன்றைக்கே போய்ச் சொன்னேன்: "இன்னாத்துக்குமே வெள்ள? சாம்பக் கலர்லயே அடிச்சிட்டா வேல மிச்சம்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்று காலையில் பார்த்தால் சுவர் எருமைக்கன்று நிறத்தில் நிற்கிறது. அவள் வாளியும் பிரஷ்ஷுமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தேய்த்த இடமெல்லாம் கோடு கோடாக வரிக்குதிரை. பாவம் என்றுதான் நினைத்தேன், ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்வது.

சரி, உன் கையில் என்ன அது? வாசனையே சொல்கிறது. கிருஷ்ணாயில். ரேஷனில் நின்றுபோய் எத்தனை நாளாயிற்று, உனக்கு மட்டும் எங்கே கிடைத்தது? அதை வைத்து உன் கல்யாணப் படத்தைத் துடைக்கப் போகிறாயா? கண்ணாடி உடைந்த படம் அது. வேண்டாம். துணியைக் கீழே வை. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் உன் இஷ்டம்.

கிருஷ்ணாயிலைப் போட்டு நான் ஒரு பட்டணத்தையே துடைத்தவள்.

"இன்னா ஆயா சொல்ற?" என்றால் இப்படி வந்து உட்கார். இதை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. என் பெண்ணிடம்கூட.

அப்போது நாங்கள் ராயபுரத்தில் இருந்தோம். நான் பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய ஆபீசில் பெருக்கித் துடைக்கிற வேலை செய்தேன். கப்பலில் வருகிற சரக்குக்குக் காகிதம் எழுதுகிற ஆபீஸ். தெற்கத்திக்காரர் ஒருவர் அதை வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கினாராம், அவர் பேரன்தான் அப்போது முதலாளி. கட்டடம் ரொம்பப் பழசு. மாடிப்படி மரத்தில். ஏறும்போது ஒவ்வொரு படியும் ஒவ்வொரு குரலில் முனகும். எந்தப் படி எப்படி முனகும் என்று எனக்கு மனப்பாடம், கண்ணை மூடிக்கொண்டு ஏறினாலும் எத்தனையாவது படியில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். மேலே பெரிய ஹால். ஹாலில் ஏறினதும் எதிர்ச் சுவரில் அந்தப் படம்.

நம் வீட்டுக் கதவைக் கழற்றிப் படுக்க வைத்தால் எவ்வளவு இருக்கும், அவ்வளவு பெரிய படம். சுற்றிலும் தங்கச்சாயம் பூசின சட்டம், அதில் பூ, கொடி. ஆனால் உள்ளே பார்த்தால் ஒரே கருப்பு. மேலே பாதிக்கு மேல் கருப்பு வானம். கீழே கருப்புத் தண்ணீர். நடுவில் எதுவோ வெள்ளையாகக் கட்டடம் கட்டடமாக. அவ்வளவுதான் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேனேஜரிடம் கேட்டேன், இது என்ன சார், இருட்டில் எடுத்த போட்டோவா என்று. அவர் சிரித்தார்.

"போட்டோ இல்லம்மா. வெள்ளைக்காரன் காலத்துல எண்ணெய்ச் சாயத்துல வரைஞ்சது. கடல்ல கப்பல்ல நின்னு பாத்தா நம்ம பட்டணம் எப்படி இருந்துச்சோ, அது."

எண்ணெயில் வரைந்தது என்று அவர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டேன். அது பிறகு வேலையைக் காட்டியது.

ராயபுரத்தில் அந்த நாளில் கரி எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, நீ அப்போது சின்னப் பெண். ஹார்பரில் கப்பல் கப்பலாகக் கரி இறக்குவார்கள். மலை மாதிரி குவிந்திருக்கும். காற்று அடித்தால் அந்த மலையில் பாதி எங்கள் தெருவுக்கு வந்துவிடும். சோறு வடித்து இறக்கி மூடியைத் திறந்தால் மேலே மிளகு தூவினது போல் இருக்கும். பிள்ளைகள் மூக்கைச் சிந்தினால் கருப்பு. என் பெண்ணைப் பெண் பார்க்க வந்தவர்களை உட்கார வைத்து எழுப்பினேன், மாப்பிள்ளையின் அம்மா கட்டியிருந்த வெந்தயக் கலர் பட்டுப் புடவையின் பின்னால் நாற்காலி அச்சு அப்படியே விழுந்திருந்தது. அந்த அம்மாளுக்கு அது தெரியாது. தெரு முழுக்க அந்த அச்சோடு நடந்து போனார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தச் சம்பந்தம் அமையவில்லை, அது வேறு கதை.

எங்கள் தெருவில் ஒரு பொருளுக்குச் சொந்த நிறம் என்ன என்று தெரிய வேண்டுமானால் கிருஷ்ணாயில் வேண்டும். பழைய பருத்தித் துணியை அதில் நனைத்து ஒரு தடவை துடைக்க வேண்டும். பிறகு வெந்நீரில் சலவை சோடா ஒரு கை போட்டு அந்தத் தண்ணீரில் ஒரு தடவை. ஜன்னல் கம்பி, ஃபேன் இறக்கை, டிவி, சாமி படத்துக் கண்ணாடி, எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம். என் மாமியார் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. மாமியார் சொல்லிக் கொடுத்ததில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைச் சொல்லாமல் இந்தக் கதை இல்லை.

அவர் கடலுக்குப் போனவர். அவர் பிறந்த குப்பம் காசிமேட்டுக்கு வடக்கே இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும். அவருக்கு மீசை முளைக்கிற வயதில் கடல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு மழைக்கு முன் வரிசை வீடுகள் போயின. அடுத்த மழைக்கு இவர்கள் வீடு. பிறகு லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள். இன்றைக்கு நீ பஸ்ஸில் திருவொற்றியூர் போகும்போது கல்லுக்கு அந்தப் பக்கம் அலை அடிக்கிறதே, அந்த அலைக்கு அடியில் எங்கேயோ என் மாமியார் வீட்டு அம்மிக்கல் கிடக்கிறது. அதை எடுக்க மறந்துவிட்டோம் என்று சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீடு போனதைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். அவர் பேசுவதெல்லாம் மணலைப் பற்றித்தான். அவருடைய தாத்தாவுக்கு அவருடைய தாத்தா சொன்னதாம். அந்தக் காலத்தில் குப்பத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் அவ்வளவு மணல் இருந்ததாம். இரண்டு பேர் கட்டுமரத்துக் கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பினால் ஒரே மூச்சில் தண்ணீருக்குப் போய்ச் சேர முடியாதாம். நடுவில் ஒரு தடவை இறக்கி வைத்துவிட்டு, உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, பிறகுதான் தூக்க வேண்டுமாம்.

இதை அவர் டீக்கடையில் சொல்லாத நாள் இல்லை. கல் மேல் அலை அடிக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள். அவரைவிடச் சின்னவர்கள் எல்லாம் கேலி பண்ணுவார்கள்.

"இன்னா நைனா, மணலு எம்மாந்தூரம்? அரக்கோணம் வரைக்குமா?"

"நடுவுல டீக்கடை இருந்துச்சா நைனா? பஸ்ஸு கிஸ்ஸு ஓடிச்சா?"

அவர் கோபப்பட மாட்டார். "நம்ம மணலுதான்டா அந்தாண்ட மெரினாவுல கீது. ஹார்பர் கட்டி இஸ்துகினு பூட்டானுங்கோ. சாயங்காலம் ஜோடி ஜோடியா உக்காந்து சுண்டல் துன்றானுங்கோ பாரு, அவனுங்கோ எங்க தாத்தா மணல்ல உக்காந்துகினு கீறானுங்கோ," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் வீட்டுக்கு வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். ஒரு நாள் என்னிடம் கேட்டார், "மெய்யாலுமே அப்டி இருந்திச்சாமே, இல்ல கெய்வன் கத வுட்டானா?" நான் என்ன சொல்வேன். நான் பிறந்ததே பெரம்பூரில்.

பிறகு அவருக்குச் சர்க்கரை வந்தது. கால் புண் வந்தது, ஆறியது. கண்ணில் வந்தது மட்டும் ஆறவில்லை. கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே ரத்தம் கசிகிறது, ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றில் இருக்கிறது கொஞ்ச நாளைக்குத்தான் என்று பக்குவமாகச் சொன்னார்கள். பார்க்க வேண்டியதையெல்லாம் இப்போதே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து நான் அழுதேன். அவர் என் பக்கம் திரும்பி, "பாக்க வேண்டியது இன்னா கீது? உன் மூஞ்சிதான் கீது. அத்த நாப்பது வர்சமா பாத்துகினுதான கீறேன், போதும்மே," என்றார். அழுகையிலேயே எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படிப்பட்ட ஆள்.

அந்த மாதமே ஆபீசில் பேச்சு வந்தது, கட்டடத்தைக் காலி செய்கிறார்கள், ஆபீஸ் மணலி புதுநகர்ப் பக்கம் போகிறது என்று. நாற்காலி, மேசை, பீரோ எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டினார்கள். படத்தையும் யாரோ வெளியூர்க்காரர் வாங்கிவிட்டாராம். திங்கட்கிழமை வேன் வரும் என்றார் மேனேஜர். "அதுக்குள்ள சட்டத்தைக் கொஞ்சம் தூசி தட்டி வைம்மா. படத்துல கை வைக்காத," என்றார். அவர் சொன்னார், நான் கேட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

இத்தனை வருஷமும் நான் அந்தச் சட்டத்தின் கீழ் விளிம்பை மட்டும் கீழே நின்று ஒட்டடைக் குச்சியால் தட்டுவேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஸ்டூல் போட்டு ஏறினேன். வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஹாலில் யாரும் இல்லை. மேலேறினதும் என் மூக்குக்கு நேராகப் படத்தின் வலது ஓரம்.

ஒரு குடிசை தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. வரிசையாகக் குடிசைகள். முன்னால் வலை காய்கிறது. அதற்கு முன்னால் மணல். கரி படிந்து மங்கிப்போன மணல்தான், ஆனால் மணல். அது நீண்டுகொண்டே வந்து தண்ணீரைத் தொடுகிறது. நடுவில் இரண்டு எறும்பு. எறும்பு என்றுதான் நினைத்தேன், ஊதினேன், போகவில்லை. கண்ணைக் கிட்டே வைத்துப் பார்த்தேன். இரண்டு ஆள், கண்ணு. அரிசி உயரம்கூட இல்லை. பக்கத்தில் கட்டை இறக்கி வைத்திருக்கிறது. ஒருத்தன் குந்தி உட்கார்ந்திருக்கிறான். இன்னொருத்தன் காலை நீட்டி உட்கார்ந்து கையை வாய்க்குக் கொண்டுபோகிறான்.

அந்தக் கை எதற்காக வாய்க்குப் போகிறது என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தவிர இந்த உலகத்தில் யாருக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓடினேன். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சொன்னேன். முதலில் என்னைத் திட்டினார்.

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? அவனுங்கோ பத்தாதுன்னு வூட்லயும் கிண்டலா?"

"இன்னாய்யா, என் பொண்ணு மேல சத்தியமா பாத்தேன்யா. ரெண்டு பேரு. கட்டைய எறக்கி வெச்சினு உக்காந்துகினு கீறானுங்கோ."

அவர் சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு, "எந்தப் பக்கம் உக்காந்து வரைஞ்ச படம்?" என்று கேட்டார். கப்பலில் நின்று கரையைப் பார்த்து என்றேன். "அப்போ சரி. நாங்க திரும்பி வர்றப்ப பாக்குற மாரி. வலது கைப் பக்கம் குப்பம் வரணும்," என்றார். வலது பக்கம்தான் என்றேன். உடனே எழுந்து சட்டையைத் தேடினார். அன்றைக்கே போக வேண்டுமாம். ஆபீஸ் பூட்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன், வாட்ச்மேன் நம் ஆள்தான் என்று சொல்லி உட்கார வைத்தேன். அந்த மூஞ்சியை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அவருக்கு அந்த மூஞ்சி இல்லை.

பிறகுதான் எனக்குக் கவலை பிடித்தது. எனக்கு நல்ல கண். நானே மூக்கை ஒட்ட வைத்துத்தான் பார்த்தேன். இவருக்கு இருப்பது அரைக் கண். அதிலும் புகை மூட்டம். அந்தக் கரிக்குள் இருக்கிற அரிசியளவு ஆளை இவர் எப்படிப் பார்ப்பார். கரியை எடுத்துவிட்டால் பளிச்சென்று தெரியுமே என்று தோன்றியது. எங்கள் தெருவில் யாருக்குத் தோன்றியிருந்தாலும் அதுதான் தோன்றியிருக்கும்.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். எல்லாரும் போன பிறகு ஸ்டூலைப் போட்டேன். ஒரு பாட்டிலில் கிருஷ்ணாயில், வாளியில் சோடாத் தண்ணீர், என்னுடைய பழைய பாவாடைத் துணி. எடுத்ததும் ஆள் இருக்கிற இடத்தில் கை வைக்கவில்லை, அவ்வளவு முட்டாள் இல்லை நான். மேலே, வானத்து மூலையில், ஒரு உள்ளங்கை அளவு துடைத்துப் பார்த்தேன். எண்ணெயில் வரைந்த படத்தைக் கிருஷ்ணாயில் என்ன செய்துவிடும் என்று ஒரு தைரியம். துணி கருப்பாக வந்தது, எங்கள் ஜன்னலில் வருகிற அதே கருப்பு. அந்த இடத்தில் நீலம்.

என்ன நீலம் தெரியுமா? மழை விட்ட மறுநாள் காலையில் கடல் மேல் இருக்குமே, அந்த நீலம். இத்தனை வருஷமாக நாங்கள் இருட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தது இருட்டே இல்லை, கரி. எனக்கு அப்படியொரு சந்தோஷம். ஸ்டூல் மேலேயே ஒரு தடவை சிரித்துவிட்டேன், தனியாக நின்று, பைத்தியக்காரி மாதிரி. பக்கத்தில் ஒரு உள்ளங்கை, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மேகம் வந்தது. ஒரு பறவைகூட வந்தது.

பிறகு ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டு மணலுக்கு வந்தேன்.

கிருஷ்ணாயில் போட்டு மெதுவாகத்தான் துடைத்தேன். கொஞ்சம் தெளிந்தது. இரண்டு பேரும் இருந்தார்கள். சோடாத் தண்ணீரும் ஒரு தடவை போட்டால் முழுசாகத் தெளியும் என்று துணியைப் பிழிந்து, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி, ஒரே ஒரு இழுப்பு. துணியை எடுத்துப் பார்த்தேன். கருப்பு இல்லை. மஞ்சள், பழுப்பு. மணல் நிறம். படத்தைப் பார்த்தேன். குடிசை இருக்கிறது, வலை இருக்கிறது. அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு தீற்றல். அதற்குள்ளே படம் வரைந்த கித்தான் துணியின் நூல் தெரிகிறது.

துணியைப் பிரித்துப் பிரித்துத் தேடினேன், கண்ணு. அவர்கள் அதில் எங்கேயாவது இருப்பார்கள் என்பது போல. யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் துணியைப் பாத்ரூமில் அலசி, தண்ணீரைக் கொட்டிவிட்டேன். கொட்டின பிறகுதான் உறைத்தது. அந்தச் சாக்கடையும் நேராகக் கடலுக்குத்தான் போகிறது.

அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சனி இரவு முழுக்க அவர் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை, காரணம்தான் வேறு வேறு. காலையில் முகத்தை மழித்துக்கொண்டு, பெண் வாங்கிக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைக் கிளப்பினார்.

வாட்ச்மேன் நாசரேத் பக்கத்து ஆள். வேதக்காரர். சர்ச்சுக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார். "எக்கா, வெரசலா பாத்துட்டு எறங்கிருங்க. மேனேஜர் கண்ணுல பட்டா எனக்குத்தான் ஏச்சு விழும்," என்று கதவைத் திறந்துவிட்டார். நான் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துப் படி ஏற்றினேன். படிகள் எல்லாம் முனகின. "இன்னாமே, என்ன விட கெய்வனா கீதே இந்த வூடு," என்றார்.

ஹாலில் ஜன்னலைத் திறந்துவிட்டு, படத்துக்குக் கீழே நீளப் பெஞ்சை இழுத்துப் போட்டு அவரை ஏற்றி நிறுத்தினேன். அவர் படத்தின் இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். சாப்பாட்டில் பிடித்ததைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார், அதே பழக்கம். முகத்தைக் கிட்டே வைத்து, தலையைச் சாய்த்து, கண்ணின் எந்த மூலையில் பார்வை மிச்சம் இருந்ததோ அந்த மூலையால் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்.

"கப்பலு. பாய் சுருட்டி நிக்குது. தோ, அலைல படகு ஏறுது பாரு. மூணாவது அலை. அதான் பெருசு. தப்பிச்சிடுவானுங்கோ. துடுப்ப சரியாத்தான் புடிச்சினு கீறான்." எனக்கு வெறும் வெள்ளைக் கோடாகத் தெரிந்ததெல்லாம் அவருக்கு ஆளும் பேச்சுமாகத் தெரிந்தது. "கோட்டை. கொடிமரம். காத்து தெக்கேருந்து அடிக்குது, கொடி சொல்லுது." இப்படியே வலது பக்கம் வந்துவிட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"குடிசை," என்றார். குரல் இறங்கிவிட்டது. "வலை. ஆமாமே. எங்க அந்த ரெண்டு பேரு?"

நான் விரலை நீட்டி அந்த மஞ்சள் தீற்றலைக் காட்டினேன். "தோ, இங்கய்யா."

அவர் குனிந்தார். மூக்கு கித்தானைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார். அப்படியே நின்றார். கீழே வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டுகிற சத்தம் கேட்டது.

"தெரியுதாய்யா?" என்றேன்.

"தெரியுது," என்றார். மூச்சை ஒரு தடவை உள்ளே இழுத்துவிட்டு, "வெத்தல போட்டுகினு கீறான்," என்றார்.

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அரைக் கண் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, மனதில் இருந்ததைப் பார்த்துக்கொண்டார் என்று நினைத்தேன். வாட்ச்மேனுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம். ராயபுரம் பாலம் ஏறினோம். பாலத்து நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கிருஷ்ணாயிலு எம்மா ஊத்துன?"

"கொஞ்சந்தான்யா."

"சோடா?"

"ஒரு கை."

"கண்ணுதான்மே பூடுச்சி. மூக்கு நல்லாத்தான் கீது," என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். "கடலு வூட்ட துன்னுச்சி. மணல துன்னுச்சி. அந்த ரெண்டு பேர மட்டும் எவனோ வெள்ளக்காரன் மேல தூக்கி வெச்சான், கடலுக்கு எட்டாம. நீ ஸ்டூலு போட்டு ஏறி தொடச்சிட்டியேமே."

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய. பாலத்தில் போகிறவர்கள் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையைப் பிடித்து இறங்கும்போதுதான் பார்த்தேன், மழித்த கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இருமலில் வந்தது என்றார்.

திங்கட்கிழமை வேன் வந்தது. கையில் வெள்ளை உறை மாட்டின ஒருவர் படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வலது ஓரத்தில் பேனா டார்ச் அடித்து இங்கிலீஷில் மேனேஜரிடம் ஏதோ சொன்னார். நான் துடைப்பத்தோடு நின்றேன். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "கடல் காத்துல சாயம் உரிஞ்சிருக்காம்மா, பாத்தியா," என்றார். ஆமாம் சார், உப்புக் காத்து என்றேன். மேலே வானத்தில் ஒரு மூலை மட்டும் நீலமாக இருந்ததை யாரும் கேட்கவில்லை. போர்வை சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எந்த ஊர், எந்த வீட்டுச் சுவர், எனக்குத் தெரியாது.

அன்றைக்கு அவர் டீக்கடைக்குப் போனார். நான் பால் வாங்கப் போனபோது காதில் விழுந்தது. "பாத்தேன்டா. என் கண்ணால பாத்தேன். நடு மணல்ல ரெண்டு பேரு, கட்டைய எறக்கி வெச்சினு. ஒருத்தன் கெய்வன். இடுப்புல ஓலைப்பொட்டி சொருவினு கீறான். வெத்தலப் பொட்டி." ஓலைப்பெட்டியை நான் சொல்லவில்லை. கேலி பண்ணுகிறவர்களில் ஒருத்தன், "எங்களையும் இட்டுனு போ நைனா, நாங்களும் பாக்குறோம்," என்றான். படம் போய்விட்டது என்றார் இவர். "அதான பாத்தேன்," என்றான் அவன். சிரித்தார்கள்.

அந்த மழைக்காலம் முடியும்போது மிச்சக் கண்ணும் போய்விட்டது. ஹார்பரில் கரி இறக்குவதும் அதற்கு அப்புறம் நின்றது. எல்லாம் இந்த எண்ணூர்ப் பக்கம் வந்தது. தெருவைக் காலி பண்ணச் சொல்லி எங்களுக்கும் சர்க்காரில் இந்தப் பக்கம்தான் வீடு கொடுத்தார்கள், கரியும் நாங்களும் ஒன்றாகக் குடிவந்தோம்.

மத்தியானத்தில் சாப்பிட்டுவிட்டு இதோ இந்த இடத்தில்தான் உட்காருவார். "அந்த ரெண்டு பேரு இன்னா பண்ணிகினு இருந்தானுங்கோ, சொல்லு," என்பார். நான் சொல்ல வேண்டும். ஒருத்தன் குந்தி உட்கார்ந்திருக்கிறான், இன்னொருத்தன் காலை நீட்டியிருக்கிறான், வலது கை வாய்க்குப் போகிறது. தினமும் சொல்ல வேண்டும். ஒரு நாள் இடது கை என்று சொல்லிவிட்டேன். "நேத்து வலது கைன்ன," என்று பிடித்துக்கொண்டார். "ஒழுங்கா ரோசிச்சி சொல்லு. அத்த பாத்தவ நீ ஒருத்திதான்." ஐந்து வருஷம் அப்படிச் சொன்னேன். அவர் போகிற அன்றைக்குக் காலையிலும் சொன்னேன், கேட்டாரா இல்லையா தெரியவில்லை.

இப்போது என் பயம் என்ன தெரியுமா? சொல்லிச் சொல்லி, ஸ்டூல் மேல் நின்று பார்த்தது எது, அவருக்குச் சொன்னது எது என்று எனக்கே பிரித்துப் பார்க்க வரவில்லை. சில நாள் அந்தக் கிழவன் இடுப்பில் ஓலைப்பெட்டி இருக்கிறது. அது அவர் டீக்கடையில் சொன்னது, நான் பார்த்ததில்லை. ஆனால் கண்ணை மூடினால் தெரிகிறது. வலது கை என்றுதான் நினைக்கிறேன். கேட்டுச் சரிபார்க்க ஆள் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், உன் கல்யாணப் படம் கருப்பாகவே இருக்கட்டும், அதற்குள்ளே நீங்கள் இரண்டு பேரும்... இரு, இரு. காற்று திரும்பிவிட்டது பார், வள்ளூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து வருகிறது. கொடியில் பேத்தியின் ஸ்கூல் சட்டை இரண்டும் காய்கிறது, இப்போதுதான் சொட்டு நீலம் போட்டேன். எழுந்திரு கண்ணு, நீ அந்த முனைக் கிளிப்பைக் கழற்று. உதறாதே, உதறினால் சாம்பல் அப்பிக்கொள்ளும். அப்படியே மடித்துக் கொடு.